லோடுல தாங்குது, சும்மா இருந்தா ரீஸ்டார்ட் ஆகுது: பயாஸ்ல ப்ராசசர் செட்டிங் மாத்தின ஒரு கம்ப்யூட்டர், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவோட கம்ப்யூட்டர். வீட்ல இருந்தே வீடியோ எடிட் பண்ணிக் குடுக்கிறாங்க, வேற வருமானம் கிடையாது, அதனால இந்த ஒரு மெஷின் படுத்துச்சுன்னா அன்னைக்கு வேலையும் சேர்ந்து படுத்துரும். உள்ள இருக்கிறது ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ், 2020 நவம்பர்ல வந்த ப்ராசசர், 8 கோர் (தனித்தனியா கணக்குப் போடுற பகுதி) 16 த்ரெட், பேஸ் 3.8 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 4.7ன்னு பெட்டில போட்டிருக்கும். ரேம் 32 ஜிபி, எக்ஸ்எம்பி (ரேமை அதுக்குச் சொன்ன முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணி 3600ல ஓடிட்டு இருந்துச்சு. வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஒரு தொந்தரவும் இல்ல.

இந்த ப்ராசசர் கொஞ்சம் சூடாகிற ரகம்தான். எட்டு கோரும் ஒரே சின்ன சில்லுக்குள்ள நெருக்கமா உக்காந்திருக்கு, அதனால பெரிய கூலர் போட்டிருந்தாலும் அந்தச் சூட்டை அவ்வளவு சின்ன இடத்துல இருந்து வெளிய இழுக்கிறது கஷ்டம். எக்ஸ்போர்ட் (எடிட் பண்ணதை முடிச்ச வீடியோவா மாத்துறது) போட்டா 88, 89 டிகிரி காட்டும். ஏஎம்டி இதுக்கு வச்சிருக்கிற மேல் வரம்பே 90 தான், அந்த வரம்புக்குள்ள இருக்கிற வரைக்கும் தப்பில்லைன்னாலும் ஃபேன் சத்தத்துல அக்காவால ஹெட்ஃபோன் இல்லாம ஆடியோ கேட்டு எடிட் பண்ண முடியல. அவங்க தம்பிக்கு கம்ப்யூட்டர்ல ஆர்வம் ஜாஸ்தி, "நான் பாத்துக்கிறேன் அக்கா"ன்னு பயாஸ்குள்ள (விண்டோஸ் தொடங்குறதுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டோட செட்டிங் மெனு) போய் நாலு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்தி வச்சிட்டாரு.

அவர் மாத்தினது இதுதான். ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவை (ப்ராசசர் தானா வேகம் ஏத்திக்கிற வரம்பை மாத்துற வசதி) அட்வான்ஸ்ட்ல வச்சாரு, பவர் லிமிட்டை மதர்போர்டு அளவுக்குத் தொறந்து விட்டாரு (கம்பெனி அளவு 142 வாட்), மேக்ஸ் பூஸ்ட் ஓவர்ரைட்ல (உச்ச வேகத்தைக் கூட்டுற செட்டிங்) பிளஸ் 200 மெகாஹெர்ட்ஸ் குடுத்தாரு, கர்வ் ஆப்டிமைசர்ல (கோருக்குப் போற வோல்டேஜைக் கொறைக்கிற செட்டிங்) எல்லாக் கோருக்கும் சேர்த்து மைனஸ் 30. மைனஸ் 30ங்கிறது அதுல போடக்கூடிய கடைசி அளவு, அதுக்குக் கீழ போகவே போகாது.

போட்டுட்டு அவர் சோதிக்காம விடல, அதை நான் இங்க சொல்லியே ஆகணும். சினிபெஞ்ச் (எல்லாக் கோருக்கும் முழு வேலை குடுத்துச் சோதிக்கிற ப்ரோக்ராம்) ஒரு மணி நேரம் ஓட விட்டிருக்காரு, ஒரு தடவை கூட விழல, சூடு 81க்கு இறங்கியிருக்கு, ஸ்கோரும் முன்னைவிட ஏறியிருக்கு. யாரா இருந்தாலும் வேலை முடிஞ்சுதுன்னுதான் நெனப்பாங்க.

என்ன பாத்தோம்

முதல் ரீஸ்டார்ட் மூணு நாள் கழிச்சு. அக்கா மெயில் படிச்சிட்டு இருந்திருக்காங்க, திடீர்னு திரை கருப்பாகி தானா திரும்ப பூட் ஆயிடுச்சு. நீலத் திரை கிடையாது, எரர் மெசேஜ் கிடையாது, கரண்ட் போயிட்டு வந்த மாதிரியே இருந்துச்சாம். கரண்ட் போயிருக்கும்னு அவங்களும் விட்டுட்டாங்க. அப்புறம் வாரத்துக்கு மூணு நாலு தடவை ஆக ஆரம்பிச்சுது. ஒரு தடவை ப்ராஜெக்ட் ஃபைல் சேவ் ஆகிட்டு இருக்கும்போதே விழுந்து, திரும்பத் தொறந்தா ஃபைல் ஜீரோ பைட். ஆட்டோசேவ் காப்பி இருந்ததால இருபது நிமிஷ வேலையோட தப்பிச்சாங்க, அன்னைக்குத்தான் எனக்கு ஃபோன் பண்ணாங்க. செட்டிங் மாத்தி அப்போ மூணு வாரம் ஆயிருந்துச்சு, ஆனா அந்த விஷயம் ஃபோன்ல வரல. அவங்களுக்கு அதுவும் இதுவும் சம்பந்தப்பட்டதுன்னே தோணல, நானும் "சமீபத்துல ஏதாச்சும் மாத்துனீங்களா"ன்னு கேக்கல.

நான் கேட்டது ஒரு நோட்டு மட்டும். எப்ப ஆகுது, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க, ரெண்டே வரி எழுதி வைங்கன்னு சொன்னேன். ஒன்பது நாள்ல ஏழு வரி எழுதியிருந்தாங்க. மெயில் படிக்கும்போது, பிரௌசர்ல பக்கத்தை கீழ தள்ளும்போது, சாப்பிடப் போயிட்டு வந்து பாத்தா லாகின் திரை, எக்ஸ்போர்ட் முடிஞ்சு அரை நிமிஷத்துல, ராத்திரி சும்மா விட்டிருந்தப்ப ரெண்டு தடவை, ஃபோல்டர் தொறக்கும்போது ஒரு தடவை. எக்ஸ்போர்ட் ஓடிட்டு இருக்கும்போது ஒண்ணு கூட இல்ல. அந்த ஒன்பது நாள்ல தினமும் ரெண்டு மூணு மணி நேரம் எட்டு கோரும் நூறு சதவீதத்துல ஓடியிருக்கு, அப்பல்லாம் கல்லு மாதிரி நின்னிருக்கு.

முதல் முடிவு, அது ஏன் தப்பாப் போச்சு

நோட்டைப் பாத்த உடனே நான் பவர் சப்ளை மேல சந்தேகப்பட்டேன். மெசேஜ் இல்லாம பட்டுன்னு ஆஃப் ஆகி வந்தா முதல்ல அதைத்தான் பாக்கிறது எங்க வழக்கம், பாதி நேரம் அதுவாத்தான் இருக்கும். ஈவென்ட் வியூவர்ல (நடந்ததை எல்லாம் விண்டோஸ் குறிச்சு வைக்கிற எடம்) மேலோட்டமா பாத்தப்ப கர்னல் பவர் 41ன்னு வரிசையா சிவப்பா கெடந்துச்சு, பேரைப் பாத்தா பவர் கோளாறுன்னுதான் தோணும். ஆனா அந்த 41 சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், போன தடவை ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னிருக்குன்னு. ஏன் நின்னுச்சுன்னு அதுக்குத் தெரியாது, ஹேங் ஆகி நாம பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சாக்கூட அதே 41 தான் விழும்.

என்கிட்ட இருந்த வேற ஒரு நல்ல 750 வாட் சப்ளையை மாட்டி விட்டேன், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, மூணாவது நாள் காலைல மறுபடி விழுந்துச்சு. அடுத்தது ரேம். மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க நாலு பாஸ் ஓட்டினேன், ஒரு தப்பு கூட இல்ல. இப்படியே ஒரு வாரம் போச்சு.

அந்த நோட்டுலயே பதில் இருந்துச்சு, நான்தான் அதைச் சரியாப் படிக்கல. பவர் சப்ளை பலவீனமா இருந்தா பாரம் ஏறும்போதுதான் பெரும்பாலும் விழும், இது பாரம் இல்லாதப்ப மட்டுமே விழுது. அந்த ஒரு வித்தியாசத்தை முதல்ல யோசிச்சிருந்தா சப்ளையைக் கழட்டியே இருக்க மாட்டேன்.

ஈவென்ட் வியூவர்ல கெடச்ச தடயம்

ரேமும் சுத்தம்னு ஆனதும் ஈவென்ட் வியூவரைத் திரும்பத் தொறந்து, இந்தத் தடவை சிஸ்டம் லாக்ல ஒவ்வொரு 41க்கும் பக்கத்துல என்ன இருக்குன்னு ஒண்ணொண்ணா பாத்தேன். திரும்ப பூட் ஆன சில செகண்டுக்குள்ள டபிள்யூஎச்இஏ லாகர் (ஹார்ட்வேர் தப்பைப் பதிவு பண்ற விண்டோஸ் பகுதி), ஈவென்ட் ஐடி 18ன்னு ஒரு வரி இருந்துச்சு. மெஷின் செத்துட்டு எழுந்ததுக்கு அப்புறம் எழுதுற மரண வாக்குமூலம் மாதிரி அது. உள்ள தொறந்தா "கேஷ் ஹைரார்க்கி எரர்"ன்னும், அதுக்குக் கீழ ப்ராசசர் ஏபிக் ஐடின்னு ஒரு எண்ணும் இருக்கும். ஒன்பது பதிவு கெடச்சுது. ஆறுல ஐடி 4 இல்லைன்னா 5, மூணுல 10.

இந்த எண்ணைப் படிக்கிறது இப்படி. இந்த ப்ராசசர்ல ஒரு கோருக்கு ரெண்டு த்ரெட், அதனால 0, 1 ரெண்டும் கோர் 0, 2, 3 ரெண்டும் கோர் 1, இப்படியே 14, 15 வந்தா கோர் 7. அப்ப 4, 5ன்னா கோர் 2, 10ன்னா கோர் 5. எட்டு கோர்ல ரெண்டே ரெண்டு கோர்தான் மாத்தி மாத்தி மாட்டுது. ரேமோ சப்ளையோ காரணமா இருந்திருந்தா எண்ணு இப்படி ரெண்டு எடத்துலயே குமியாது, எல்லாக் கோர்லயும் சிதறி இருக்கும்னு நெனச்சேன், அப்பதான் அக்காகிட்ட கேட்டேன், "பயாஸ்ல யாராச்சும் கை வச்சாங்களா?" "தம்பி ஏதோ சூடு கொறையறதுக்கு பண்ணுனான்பா, அது ஆயிடுச்சே ரெண்டு மாசம் கிட்ட"ன்னாங்க. கணக்குப் போட்டுப் பாத்தா அஞ்சு வாரம்தான், முதல் ரீஸ்டார்ட்டுக்கு மூணு நாள் முன்னாடி.

ஏன் சும்மா இருக்கும்போது விழுது

எட்டு கோரும் பாக்க ஒண்ணுதான், ஆனா தயாரிப்புல ஒவ்வொண்ணும் கொஞ்சம் வேற மாதிரி வரும். எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் வேணும்னு ஒவ்வொரு கோருக்கும் ஒரு கணக்கு ஃபேக்டரில இருந்தே உள்ள இருக்கு. கர்வ் ஆப்டிமைசர் அந்தக் கணக்கை மொத்தமா கீழ இறக்குது, ஒரு எண்ணுக்கு சுமார் 3ல இருந்து 5 மில்லிவோல்ட். மைனஸ் 30ன்னா 90ல இருந்து 150 மில்லிவோல்ட் வரைக்கும் கொறையுது, ஒண்ணேகால் வோல்ட் சுத்தி ஓடுற ஒரு பொருளுக்கு அது ரொம்பப் பெரிய கொறைப்பு.

எக்ஸ்போர்ட் ஓடும்போது எட்டு கோரும் வேலை செய்யும், சூடு ஏறும், அதனால வேகம் தானா 4.5, 4.6க்கு இறங்கிடும். அந்த வேகத்துல வோல்டேஜ்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும், கொறைச்சாலும் தாங்கும். சினிபெஞ்ச் சோதிச்சதும் இந்த நிலைமையைத்தான். மெயில் படிக்கும்போது கதை வேற. ஒரே ஒரு கோர் தூக்கத்துல இருந்து எழுந்து, சூடும் இல்ல பவர் வரம்பும் இல்லங்கிறதால நேரா உச்சிக்குப் போகும். 5800எக்ஸ் பெட்டில போட்ட 4.7ஐ தாண்டி 4.85 வரைக்கும் இயல்பாவே போகக்கூடியது, அதுக்கு மேல பிளஸ் 200 குடுத்தா 5.05. அந்த உச்சில வோல்டேஜ்ல மிச்சம்னு ஒண்ணுமே இருக்காது, அங்க போய் நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல உருவிட்டா கோர் தப்பாக் கணக்குப் போடும், அதை ப்ராசசரே கண்டுபிடிச்சு மெஷினை நிறுத்திடும். ஒரு மணி நேர சினிபெஞ்ச் பாஸ் ஆனதும் உண்மை, மெயில் படிக்கும்போது விழுந்ததும் உண்மை, ரெண்டும் வேற வேற சோதனை.

இதுல இன்னொரு விஷயமும் சேருது. இருக்கிறதுல நல்ல கோர் எதுன்னு ப்ராசசரே விண்டோஸ்கிட்ட சொல்லிடும், விண்டோஸும் லேசான வேலையை எல்லாம் அந்தக் கோருக்கே குடுக்கும். நல்ல கோர்னா கொறைஞ்ச வோல்டேஜ்லயே வேகமா ஓடக்கூடியது, அதோட கணக்குல ஏற்கனவே வோல்டேஜ் கம்மியாத்தான் இருக்கும், அதுக்கு மேல கொறைக்க அங்க எடம் கிடையாது. நல்ல கோர்தானே நெறைய கொறைக்கலாம்னுதான் எல்லாரும் நெனப்பாங்க, தம்பியும் அப்படித்தான் நெனச்சிருந்தாரு, பெரும்பாலும் அது நேர் தலைகீழ். எச்டபிள்யூ இன்ஃபோங்கிற ஹார்ட்வேர் விவரம் காட்டுற டூலைத் தொறந்து பாத்தப்ப கோர் 2க்குப் பக்கத்துல பெர்ஃப் 1ன்னும் கோர் 5க்குப் பக்கத்துல பெர்ஃப் 2ன்னும் இருந்துச்சு. அதாவது இருக்கிறதுலயே நல்ல ரெண்டு கோர், ஏபிக் ஐடி காட்டின அதே ரெண்டு கோர்.

எடுத்த முடிவுகள்

மூணு வழி இருந்துச்சு. எல்லாத்தையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டு போய் விட்டுட்டு ஃபேன் சத்தத்தோட வாழ்றது ஒண்ணு. குளோபல் சி ஸ்டேட்டை (வேலை இல்லாத கோரைத் தூங்க விடுற செட்டிங்) ஆஃப் பண்றது, இல்லைன்னா பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோலை டிபிக்கல் கரண்ட் ஐடில்ல வைக்கிறது ரெண்டாவது, சும்மா இருக்கும்போது விழுதுன்னு சொன்னா நெறைய பேர் முதல்ல சொல்ற மருந்து அதுதான். கோர் கோரா அளந்து தனித்தனியா ஆஃப்செட் (கர்வ் ஆப்டிமைசர்ல போடுற எண்) வைக்கிறது மூணாவது. ரெண்டாவதை நான் வேணாம்னு சொன்னேன், ஏன்னா வோல்டேஜ் பத்தாத கோர் பத்தாமத்தான் இருக்கும், தூக்கத்தைக் கெடுத்து விட்டா விழுற எண்ணிக்கை கொறையலாம், நோய் அப்படியே உள்ள கெடக்கும்.

முதல்ல நோய் இதுதானான்னு உறுதி பண்ணிக்கணும்னு, பயாஸ்ல ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வச்சிட்டு, கர்வ் ஆப்டிமைசரை ஆஃப் பண்ணி பிளஸ் 200ஐயும் 0 ஆக்கினேன். எக்ஸ்எம்பியைத் தொடவே இல்ல. அதையும் சேர்த்து ஆஃப் பண்ணியிருந்தா, நின்னதுக்கு அப்புறம் எதனால நின்னுச்சுன்னு தெரியாமலே போயிருக்கும். எட்டு நாள் விட்டோம், ராத்திரியும் ஆஃப் பண்ணல. ஒரு ரீஸ்டார்ட் கூட இல்ல, ஐடி 18 ஒண்ணு கூட இல்ல. ரேமும் சப்ளையும் குத்தமில்லைன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு, சப்ளையைக் கழட்டி பழையதையே மாட்டிட்டேன்.

பயாஸ் வெர்ஷன் ரொம்பப் பழசா இருந்துச்சு, அளக்கிறதுக்கு முன்னாடியே அப்டேட் பண்ணிட்டா பின்னாடி எல்லாத்தையும் திரும்ப அளக்க வேண்டியிருக்காதுன்னு அதைச் செஞ்சோம். இங்க ஒரு நிமிஷம் நின்னு சொல்றேன், ஏன்னா இதுல மாட்டிக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன். அக்கா டிஸ்க்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்துச்சு, ரிக்கவரி கீ எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியல. பயாஸ் அப்டேட் பண்ணா ப்ராசசர்குள்ள இருக்கிற எஃப்டிபிஎம் (அந்தப் பூட்டோட சாவியைக் காக்கிற பகுதி) மாறலாம், மாறிச்சுன்னா அடுத்த பூட்ல நீலத் திரைல 48 இலக்க கீயைக் கேட்டுட்டு நிக்கும், கீ இல்லைன்னா உள்ள இருக்கிற அத்தனை ப்ராஜெக்ட்டும் போச்சு. அதனால முதல்ல கீயை எடுத்து பேப்பர்ல எழுதி வேற எடத்துல வச்சோம், பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணோம், அப்புறம்தான் அப்டேட். முடிஞ்சதும் எல்லா செட்டிங்கும் டீஃபால்ட்டுக்குப் போயிருந்துச்சு, ரேம் 2133ல ஓடுது, எஸ்விஎம் ஆஃப் ஆயிருந்ததால அவங்க வச்சிருந்த விர்ச்சுவல் மெஷினும் தொறக்கல. பழைய பயாஸ்ல சேவ் பண்ணி வச்சிருந்த ப்ரொஃபைல் புது வெர்ஷன்ல லோடு ஆகல. ஃபோன்ல எடுத்த படத்தைப் பாத்துத்தான் ஒண்ணொண்ணா திரும்பப் போட்டோம்.

கோர் கோரா அளந்தது

கோர்சைக்ளர்னு ஒரு இலவச டூல் இருக்கு, அது பிரைம்95ஐ (கணக்குப் போட வச்சு விடையைச் சரிபாக்கிற ப்ரோக்ராம்) ஒரு நேரத்துல ஒரே ஒரு கோர்ல மட்டும் ஓட்டி அடுத்த கோருக்கு மாத்திட்டே போகும். எஸ்எஸ்இ மோடுல வச்சோம், ஏவிஎக்ஸ்னா பாரம் கூடி வேகம் இறங்கிடும், நமக்கு வேண்டியது பாரம் கம்மியா இருந்து வேகம் உச்சில நிக்கிற நிலைமை. தம்பி பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்னு முதல் ஓட்டம் பழைய மைனஸ் 30லயே போட்டேன், பிளஸ் 200 இல்லாம. கோர் 0 தாங்குச்சு, கோர் 1 தாங்குச்சு, கோர் 2 வந்ததும் நாப்பது செகண்ட் கூட ஆகல, ரவுண்டிங் 0.5 வந்துச்சு 0.4க்குக் கீழ இருக்கணும்னு கணக்குத் தப்பைச் சொல்ற ஒரு வரி சிவப்பா விழுந்து கோரை ஒதுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடுச்சு. தம்பி அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. சினிபெஞ்ச்ல ஒரு மணி நேரம் நின்ன அதே மைனஸ் 30 இது.

அப்புறம் எல்லாத்தையும் மைனஸ் 15ல வச்சு ஆரம்பிச்சோம். விழுற கோருக்கு மூணு மூணா கூட்டினோம், தாங்குற கோருக்கு மூணு மூணா இறக்கினோம், ஒரு கோருக்கு ஒரு சுத்துல இருபது நிமிஷம், ராத்திரி அக்கா வேலை முடிச்சதும் ஓட விட்டுட்டு காலைல லாக் பாக்கிறது. ஆறு ராத்திரி ஆச்சு.

நடுவுல ஒரு நாள் ஒரு தப்பு நடந்துச்சு. தம்பி ரைசன் மாஸ்டர்ல (ஏஎம்டியோட சொந்த டூல்) பாத்து சி03ல பிரச்சனைன்னு எழுதி வச்சிருந்தாரு, பயாஸ்ல போய் கோர் 3க்கு மதிப்பை மாத்திட்டாரு. ரைசன் மாஸ்டர் ஒண்ணுல இருந்து எண்ணும், பயாஸும் கோர்சைக்ளரும் சைபர்ல இருந்து எண்ணும். அதுல சி03ன்னா இதுல கோர் 2. காலைல பாத்தா அதே கோர் மறுபடி விழுந்திருக்கு, பக்கத்துல இருந்த கோர் தேவையே இல்லாம தளர்ந்து கெடக்கு, ஒரு ராத்திரி சோதனை வீண். அன்னைல இருந்து சைபர்ல ஆரம்பிக்கிற எண்ணை மட்டும்தான் எழுதணும்னு முடிவு பண்ணி நோட்டுல முதல் வரியா அதை எழுதினோம்.

கடைசில வந்த அளவு: கோர் 2க்கு மைனஸ் 3, கோர் 5க்கு மைனஸ் 6, மத்ததெல்லாம் மைனஸ் 15க்கும் மைனஸ் 24க்கும் நடுவுல. தாங்குன கடைசி அளவுல நிறுத்தாம ஒவ்வொண்ணுக்கும் மூணு விட்டு வச்ச பிறகு வந்த அளவுதான் இது.

சூட்டுக்கு வேற வழியும் சேத்தோம், இதைத்தான் முதல் நாளே பண்ணியிருக்கணும். பவர் லிமிட்டைத் தொறந்து விடாம பிபிடிங்கிற அந்த வரம்பை 120 வாட்டுக்கு இறக்கி வச்சோம், கம்பெனி அளவு 142ஐ விடக் கம்மி. வோல்டேஜைக் கொறைச்சா கோர் தப்புப் பண்ண வாய்ப்பு இருக்கு, பவர் வரம்பைக் கொறைச்சா அந்தப் பயம் கிடையாது, வேகம் தானா கொஞ்சம் இறங்கிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் என்ன ஆச்சு

சூடு எக்ஸ்போர்ட்ல 76ல நின்னுச்சு, தம்பி மாத்துறதுக்கு முன்னாடி இருந்ததைவிட 12 டிகிரி கம்மி. முன்னாடி இருபது நிமிஷம் எடுத்த எக்ஸ்போர்ட் இப்ப இருபதே முக்கால் எடுக்குது, அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்ல, ஃபேன் சத்தம் போனதுதான் அவங்களுக்குப் பெருசு.

ஆனா பன்னண்டாவது நாள் ஒரு ரீஸ்டார்ட் வந்துச்சு, ஸ்லீப்ல இருந்து எழுப்பும்போது. ஈவென்ட் 18, ஏபிக் ஐடி 6, அதாவது கோர் 3. கோர்சைக்ளர்ல நாலு சுத்து தாங்குன கோர் அது. தொடர்ந்து ஓடுற சோதனையும், தூங்கி எழுற அந்த ஒரு நொடியும் ஒண்ணு இல்லைன்னு அப்பதான் நேர்ல பாத்தேன். அதோட கொறைப்பை ஆறு எண் தளர்த்தி வச்சோம். அதுக்கப்புறம் நாலு மாசம் ஆச்சு, ஒண்ணும் இல்ல. வாரம் ஒரு தடவை ஈவென்ட் வியூவர்ல டபிள்யூஎச்இஏ இருக்கான்னு அக்காவே பாத்துக்கிறாங்க.

இந்தக் கதைல என்னை ரொம்பப் பாதிச்சது ரீஸ்டார்ட் இல்ல. எல்லாம் நின்ன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு, கோர் தப்பாக் கணக்குப் போட்டப்ப எல்லாத் தடவையும் ப்ராசசர் கண்டுபிடிச்சு நிறுத்தியிருக்கும்னு என்ன நிச்சயம்? பிரைம்95ல கோர் 2 தப்பு விடை குடுத்தப்ப மெஷின் விழல, வேலை பாத்துக்கிட்டே தப்பு விடை குடுத்துச்சு. அதே மாதிரி அக்காவோட வேலைலயும் நடந்திருக்கலாம் இல்லையா. அந்த அஞ்சு வாரத்துல முடிச்ச ப்ராஜெக்ட்டை எல்லாம் அவங்க ஜிப் பண்ணி வெளி டிஸ்க்ல போட்டு வச்சிருந்தாங்க, 43 ஜிப். ஒவ்வொண்ணையும் டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், ரெண்டுல சிஆர்சி எரர், அதாவது உள்ள இருக்கிற டேட்டா கெட்டுப் போயிருக்கு. ஒண்ணுக்கு ஒரிஜினல் ஃபைல் இன்னும் டிஸ்க்ல இருந்துச்சு, திரும்ப ஜிப் பண்ணிட்டோம். இன்னொண்ணோட ஒரிஜினலை எடம் வேணும்னு அக்கா அழிச்சிட்டாங்க. முடிச்ச வீடியோ இருக்கு, உள்ள இருந்த கேமரா காட்சில மூணு கிளிப் தொறக்கவே மாட்டேங்குது. "ஜிப் ஆயிடுச்சுன்னு வந்துச்சேப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. ஆமா, வந்துச்சு.

திரும்பச் செஞ்சா என்ன மாத்துவேன்

முதல் ஃபோன்லயே பயாஸ்ல கை வச்சாங்களான்னு கேப்பேன், எவ்வளவு நாள் முன்னாடி மாத்தினாலும் சரின்னு சேர்த்தே கேப்பேன். ஒரு பொருளைக் கழட்டுறதுக்கு முன்னாடி டபிள்யூஎச்இஏ இருக்கான்னு பாப்பேன், ரெண்டு நிமிஷ வேலை அது, அதைப் பாக்காததால ஒரு வாரமும் நாலு ரீஸ்டார்ட்டும் போச்சு. கெட்டுப் போன ரெண்டு ஜிப்ல ஒண்ணு அந்த வாரத்துல பண்ணினது, அதை நெனச்சா இன்னைக்கும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

பிரச்சனை ப்ராசசர்னு சந்தேகம் வந்த அந்த நிமிஷமே பேக்கப் எடுக்கிறதையும் ஒரிஜினலை அழிக்கிறதையும் நிறுத்தச் சொல்லுவேன். சந்தேகத்துக்குரிய மெஷின்ல எடுத்த பேக்கப்பை வேற மெஷின்ல சரிபாக்காம நம்ப மாட்டேன்.

சூடுதான் தொந்தரவுன்னா முதல்ல பவர் வரம்பைக் கொறைச்சுப் பாக்கச் சொல்லுவேன். கர்வ் ஆப்டிமைசர் நல்ல வசதிதான், நான் அதுக்கு எதிரி இல்ல, ஆனா அது ஓவர்கிளாக்கிங் மெனுக்குள்ள, வாரன்டி போயிடும்னு ஒரு எச்சரிக்கைப் பக்கத்தை ஏத்துக்கிட்ட பிறகுதான் தொறக்கும், அந்தப் பக்கத்தைத் தம்பி படிக்காமலே அழுத்தியிருக்காரு. நாலு செட்டிங்கை ஒரே நாள்ல மாத்தாம ஒண்ணு மாத்தி ஒரு வாரம் விட்டிருந்தா, எது வில்லங்கம்னு அவருக்கே அப்பவே தெரிஞ்சிருக்கும்.

எட்டு கோரோட அளவையும் பயாஸ் வெர்ஷனையும் ஒரு பேப்பர்ல எழுதி கேபினெட்டோட பக்கவாட்டுக் கதவுல உள்பக்கமா ஒட்டியிருக்கோம். போன வாரம் தம்பி ஃபோன் பண்ணி, கோர் 6 மைனஸ் 24ல நல்லா நிக்குதே, 27க்கு இறக்கிப் பாக்கலாமான்னு கேட்டாரு. அக்காகிட்ட கேளுங்கன்னேன். அக்கா வேணாம்னுட்டாங்க.